செபஸ்தியம்மாளின் கட்டைவிரல்

பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்தும்போது எழுந்தேற்ற மணி அடித்ததும் சவேரியார்பட்டிக் கோயில் முழுவதும் முழங்காலில் விழும். செபஸ்தியம்மாள் மட்டும் நிற்பாள். தூண் ஓரமாக ஒதுங்கிக்கூட நிற்கமாட்டாள். பெண்கள் பக்கம் நட்டநடுவில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பீடத்தை நேருக்கு நேர் பார்த்தபடி நிற்பாள். புதிதாக மாற்றலாகி வரும் சாமியார்கள் முதல் பூசையில் அவளைக் கண்டு முகம் சுளிப்பதும், பிறகு உபதேசியாரிடம் விசாரிப்பதும், அடுத்த ஞாயிறு சுளிக்காமல் இருப்பதும் வழக்கம். ஒரே ஒரு சாமியார் அவளிடமே கேட்டுவிட்டார், ஆண்டவருக்கு முன்னால் இப்படி நிமிர்ந்து நிற்கலாமா என்று. "எனக்கு முட்டிச் சில்லு வெக்க மறந்தவரே அவருதான் சாமி. அவருக்குத் தெரியாதா?" என்றாள்.

இரண்டு கட்டைவிரலிலும் அவளுக்கு நகம் கிடையாது. நகம் இருக்கவேண்டிய இடத்தில் பச்சைக்குழந்தையின் குதிகாலைப் போல வழவழவென்று தோல்தான் இருக்கும். ஆள்காட்டி விரலில் பாதி நகம். முட்டியில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஏதோ ஒன்று உண்டு. அது வைத்த இடத்தில் நிற்காது. முழங்கையும் முழுதாக நீளாது. அவள் அப்பாவுக்கு அப்படி, அப்பாவைப் பெற்றவளுக்கு அப்படி, அண்ணன் இருதயநாதனுக்கும் அப்படி. அண்ணன்தான் அந்தக் கோயிலில் முப்பது வருஷம் உபதேசியார் வேலை பார்த்தவர். ஊரில் அந்தக் குடும்பத்துக்கே 'நகமில்லாவூடு' என்று பெயர். விலாசம் சரியில்லாத கடிதங்கள் அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டுதான் வந்து சேரும்.

நகமில்லாத அவள் பிழைப்பு என்னவென்றால், விதைக்கடலை உடைப்பது. இயந்திரத்தில் போட்டால் பருப்பு பிளந்துவிடும், பிளந்தது முளைக்காது. ஆகவே ஆடி விதைப்புக்கு முன்னால் வரதராஜன்பேட்டை வியாபாரியின் கிடங்கில் இருபது முப்பது பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கையால் உடைப்பார்கள். கட்டைவிரலை அழுத்தி அழுத்தி மத்தியானத்துக்குள் மற்றவர்களுக்கு நகக்கண் வெந்துபோகும். துணி சுற்றிக்கொண்டு, ஸ்ஸ் ஸ்ஸ் என்று ஊதிக்கொண்டு உடைப்பார்கள். செபஸ்தியம்மாளுக்கு அந்தத் தொல்லையே இல்லை. ஒரு மூங்கில் பிளாச்சை நெருப்பில் வாட்டி இடுக்கி மாதிரி வளைத்து வைத்திருக்கிறாள். காயை அதில் கொடுத்து ஒரு சொடுக்கு. பருப்பின் சிவப்புத் தோல்கூட உரியாது. மற்றவர்கள் நாலு மரக்கால் உடைக்கிற நேரத்தில் இவள் ஆறு உடைப்பாள். புதிதாக வந்த ஒருத்தி, நகமில்லாமல் பேன் எப்படிக் குத்துவாய் என்று சிரித்தாளாம். "ஒந் தலைய இப்படிக் குடு, காட்டறேன்" என்று எழுந்துவிட்டாள். கிடங்கே சிரித்தது. கேலி செய்கிற யாரிடமும் அவள் கடைசியாகச் சொல்லுவது ஒன்றுதான்: "நகம் இல்லன்னா நாக்கும் இல்லன்னு நெனச்சியா?"

இப்படிப்பட்டவளிடம்தான் எண்பத்தைந்தாம் வருஷம் ஒரு டாக்டர் வந்து சேர்ந்தார். பெயர் இளையபெருமாள். செட்டிகுளத்துப் பிள்ளை, சின்ன வெங்காயம் விற்ற காசில் படித்து, சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்தவர். பரம்பரையாக வருகிற இந்த நகக்கோளாறு உடம்பின் மரபுச் சரட்டில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். அதற்கு நகமுள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று குடும்பத்தில் அத்தனை பேர் ரத்தமும் வேண்டும். சுகாதார நிலையத்து ஊழியர் சாமிக்கண்ணு அவரை அழைத்துக்கொண்டு வந்து பள்ளிக்கூடத்து வராந்தாவில் பெஞ்சு போட்டுக் கொடுத்தார். ஐஸ் பெட்டி திறந்திருந்தது, ஊசிகள் வரிசையாக இருந்தன, ஆள்தான் ஒருவரும் கிட்டே வரவில்லை.

செபஸ்தியம்மாள் வந்தாள். முந்தானையில் கடலைத் தொலி ஒட்டியிருக்க, இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ரத்தம் குடுத்தா நகம் மொளைக்குமா தம்பி?"

டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, முளைக்காது என்றார். உங்களுக்கும் முளைக்காது, உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் அநேகமாக முளைக்காது. எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் பிற்காலத்தில் யாருக்காவது ஏதாவது செய்யலாம், அவ்வளவுதான் என்றார். பொய் சொல்லாத டாக்டரை அவள் அன்றுதான் முதலில் பார்த்தாள். பெஞ்சில் உட்கார்ந்து கையை நீட்டினாள். முழங்கை நிமிராததால் நரம்பு அகப்படாமல் டாக்டர் ஊசியோடு திணற, "அது நிமுராது. வளைஞ்ச கையிலயே குத்துங்க" என்றாள். அவள் குத்திக்கொண்ட பிறகு அண்ணன் வந்தார், அவர் பிள்ளைகள் வந்தார்கள், சாயங்காலத்துக்குள் முப்பத்தொரு பேர் ஆயிற்று.

நாலைந்து தடவை வந்து போனதில் டாக்டருக்கும் அவளுக்கும் நல்ல பழக்கம் ஏற்பட்டுவிட்டது. அவள் கடலை உடைத்துக்கொண்டிருக்க, அவர் பக்கத்துச் சாக்கில் உட்கார்ந்து விளக்கினார். ஒவ்வொருவர் உடம்பிலும் டி.என்.ஏ. என்று நீளமான சரடு இருக்கிறது, அதில் எழுத்தெழுத்தாக எழுதியிருக்கிறது. ஆளுக்கு ஆள் அங்கங்கே ஒரு எழுத்து மாறியிருக்கும். அந்த மாற்றத்தால் பெரும்பாலும் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. ஆனால் அது ஒரு அடையாளம். குறிப்பிட்ட எழுத்து இருந்தால்தான் வெட்டுவேன் என்று அடம்பிடிக்கிற ஒரு மருந்தைப் போட்டால், எழுத்து மாறியவர்களுக்கு அங்கே வெட்டாது. துண்டு நீளமாக வரும். யாருக்கு நீளத் துண்டு, யாருக்குக் குட்டைத் துண்டு என்று படத்தில் பார்த்துவிடலாம். பெற்றவரிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது சரடு அங்கங்கே ஒடிந்து மாறிச் சேரும், பக்கத்தில் இருப்பவை மட்டும் பெரும்பாலும் சேர்ந்தே போகும். நகத்தைக் கெடுத்த இடம் எது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் நகமில்லாதவர்களுக்கெல்லாம் ஒரே அளவுத் துண்டு தலைமுறை தலைமுறையாகக் கூடவே வருகிறதென்றால், இரண்டும் சரட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்று அர்த்தம். ரத்தவகையும் அப்படி ஒரு அடையாளம்தான். அந்தக் குடும்பத்தில் நகமில்லாதவர்களுக்கு 'பி' வகை கூடவே வந்தது.

அவள் சாக்கைத் துழாவி மூன்று பருப்புள்ள காய் ஒன்றை எடுத்தாள். காயை ஒடிக்காமல் அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இத ரெண்டா ஒடிச்சா, பக்கத்துப் பக்கத்துல இருக்கற பருப்பு ஒண்ணாத்தான் வரும். இந்தக் கோடியில இருக்கறதும் அந்தக் கோடியில இருக்கறதும் பிரிஞ்சி பூடும். எது எதுகூட எத்தினி தடவ பிரியுதுன்னு எண்ணிக்கிட்டு வந்தா, காய ஒடைக்காமயே உள்ள வரிச என்னான்னு சொல்லிப்புடலாம். அதானே ஒங்க படிப்பு?" என்றாள். அதேதான் என்றார் டாக்டர். கல்லூரியில் அதற்கு நாற்பது நிமிஷம் எடுத்துக்கொள்வார்களாம்.

இந்த இடத்தில் பாக்கியராஜைப் பற்றிச் சொல்லவேண்டும். செபஸ்தியம்மாளின் மூத்தார், அதாவது புருஷனுக்கு அண்ணன், அருளப்பனின் ஒரே மகன். வயது இருபத்தேழு. அரியலூர் சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டுகிறான். அவனுக்கும் கட்டைவிரலில் நகமில்லை. அருளப்பனுக்கும் அவர் மனைவி சவரியம்மாளுக்கும் நகமெல்லாம் நன்றாக இருக்க, ஒரகத்தியின் பிறந்தவீட்டுக் கோளாறு இவர்கள் பிள்ளைக்கு எப்படி வந்தது? ஊரில் கேட்டால் சின்னக்குழந்தைகூடச் சொல்லும்: சவரியம்மாளுக்குப் பால் இல்லை, செபஸ்திதான் பால் கொடுத்து வளர்த்தாள், பாலோடு ஒட்டிக்கொண்டது. இருபத்தைந்து வருஷமாக எல்லோரும் இதை நம்பினார்கள். சாமியாரும் நம்பினார், சாமிக்கண்ணுவும் நம்பினார். பாலில் மோர் வரும், வெண்ணெய் வரும், நகம் எப்படி வராமல் போகும் என்று ஒருவருக்கும் சந்தேகம் தோன்றவில்லை. அந்தக் கதையைக் கட்டிவிட்டவளே செபஸ்தியம்மாள்தான்.

டாக்டர் வம்சப்படம் வரைந்தது ரேஷன் கார்டைப் பார்த்து. யார் யாருடைய மகன் என்று அதில்தான் தெளிவாக இருக்கிறதென்று நினைத்துவிட்டார். செட்டிகுளத்துப் பிள்ளைக்கு, நம் பக்கத்துக் குடும்பங்களில் பெற்றவள் ஒருத்தி, வளர்த்தவள் ஒருத்தி என்று இருக்கும், அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள் என்பது தெரியாததா? தெரியும். சென்னைக்குப் போனால் ஊர்ப்புத்தி கொஞ்சம் மழுங்கத்தான் செய்கிறது. படத்தில் அருளப்பனுக்கு ஒரு சதுரம், சவரியம்மாளுக்கு ஒரு வட்டம், இருவரிடமிருந்தும் இறங்கி பாக்கியராஜுக்கு ஒரு சதுரம். சவரியம்மாள் இறந்து ஆறு வருஷம் ஆகிவிட்டதால் அவள் ரத்தம் இல்லை. அருளப்பன் ரத்தமும் பாக்கியராஜ் ரத்தமும் இருந்தன. துண்டுகளை வைத்துப் பார்த்தால் அருளப்பன் தகப்பன் இல்லை. இருதயநாதன் குடும்பத்துத் துண்டு பாக்கியராஜிடம் இருந்தது.

தாய் யார் என்பதில் யாருக்காவது சந்தேகம் வருமா? டாக்டருக்கும் வரவில்லை. தகப்பன் மேல்தான் சந்தேகப்பட்டார். செபஸ்தியின் அண்ணன், முன்னாள் உபதேசியார் இருதயநாதனின் சதுரத்திலிருந்து செத்துப்போன சவரியம்மாளின் வட்டத்துக்குப் புள்ளிப்புள்ளியாக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டு, இது பற்றி ரகசியமாக விசாரித்து எழுதவும் என்று சாமிக்கண்ணுவுக்கு அனுப்பிவைத்தார்.

சாமிக்கண்ணு கெட்டவர் இல்லை. ஆனால் ரகசியம் என்று எழுதிய காகிதத்தை அவரால் சட்டைப்பையில் ஒருநாள் முழுக்க வைத்துக்கொள்ள முடியவில்லை. டீக்கடையில் ஒரே ஒருவரிடம்தான் காட்டினாராம். அந்தச் சமயம் பாக்கியராஜுக்கு ஏலாக்குறிச்சியில் பெண் நிச்சயமாகி, கோயிலில் முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னாருடைய மகனும் இன்னாருடைய மகளும் மெய்விவாகம் செய்யப்போகிறார்கள், தடை தெரிந்தவர்கள் சொல்லவும் என்று மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். இரண்டாம் ஞாயிறு வாசிக்கவில்லை. பெண்ணைப் பெற்றவர் ஆள் அனுப்பி, இன்னாருடைய மகன் என்பது உறுதியான பிற்பாடு பார்ப்போம் என்று சொல்லிவிட்டார். இருதயநாதன் பூசைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். கிடங்கில் செபஸ்தியம்மாள் நுழைந்ததும் பேச்சு நின்றது.

உண்மை இவ்வளவுதான். ஐம்பத்தெட்டாம் வருஷம் அருளப்பனும் செபஸ்தியின் புருஷனுமாக அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் வால்பாறையில் தேயிலைத் தோட்டத்தில் கூலிக்கு இருந்தன. சவரியம்மாளுக்கு மூன்று பிள்ளை பிறந்து மூன்றும் மூச்சுவிடவில்லை. நாலாவது பிரசவமும் அப்படியே ஆனபோது, பக்கத்து லயத்து வீட்டில் செபஸ்திக்கு இரண்டாவது மகன் பிறந்து பதினோரு நாள். தூக்கிக்கொண்டுபோய் அவள் மடியில் போட்டுவிட்டாள். நீயே வைத்துக்கொள் என்று சொன்னாளே தவிர வேறொன்றும் சொல்லவில்லை. மூன்று வருஷம் கழித்து ஊருக்குத் திரும்பும்போது ஏலாக்குறிச்சியில் இறங்கி, அடைக்கல மாதா முன்னால் சவரியம்மாள் கேட்டாள், இனி எந்த வாயாலும் அவனை மகன் என்று சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துகொடு என்று. செபஸ்தி செய்துகொடுத்தாள். செபஸ்தியின் புருஷன் அப்பவே ஊமை மாதிரி, பிறகு செத்தும் போனார். அண்ணன் இருதயநாதனுக்குக்கூட அவள் சொன்னதில்லை.

ஆக, தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவள், இன்னொருவர் மூத்தார் அருளப்பன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெண்டாட்டி பெயர் துலங்கிவிடும். அவர் சொல்லவில்லை. செபஸ்தியம்மாள் போய்க் கேட்டபோது கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "நான் செத்தா மண்ணு போட ஒருத்தன் வேணும் செபஸ்தி" என்றார். அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. பாவமாகவும் இருந்தது. கோபத்தைத்தான் காட்டினாள்.

"மண்ணு அவன்தான் போடுவான் மாமா. அதுக்கு முந்தி அக்கா மேல ஊரே சேத்த வாரிப் போட்டிருக்கு. அதக் கழுவாம நீங்க நிம்மதியாப் போயிடுவீங்களா?"

மறுநாள் காலை பஸ் பிடித்து ஏலாக்குறிச்சிக்குப் போனாள். பக்கத்தில் நின்ற பெண்கள் மெழுகுவர்த்தி ஏற்றி முழங்காலில் இருந்து அழுதுகொண்டிருந்தார்கள். இவள் வழக்கம்போல் நின்றாள். மெழுகுவர்த்தி வாங்கவில்லை. மாதாவிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. ஒங்கிட்ட குடுத்த வார்த்தய நான் திரும்ப எடுத்துக்கறேன், செத்தவ வந்து பேச முடியாது, நான் இருக்கேன், நான் பேசறேன், அதுக்கு என்ன தண்டனையோ அத என் முட்டிக்கே குடு, அது ஏற்கெனவே கெட்டதுதான் என்று சொல்லிவிட்டு வந்தாளாம். இதை அவளே சொன்னாள், குரலில் சிறிதும் பயம் இல்லாமல்.

பாக்கியராஜிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. அவன் லாரியை நிறுத்திவிட்டு, மேலெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு, வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொல்லிவிட்டாள். அவன் நிமிரவில்லை. நன்றாகக் காலைத் தேய்த்துக் கழுவி முடித்த பிறகு கேட்டான்.

"அம்மா கேட்டு வாங்குனாங்களா, நீங்களா குடுத்தீங்களா சின்னம்மா?"

"கேக்கல. கேக்கற தெம்பு அவளுக்கு இல்ல. நானாத்தான் மடியில போட்டேன்."

"அப்பறம் திரும்பக் கேட்டீங்களா?"

"ஒரு நாளும் கேக்கல."

"அப்ப அவங்கதான் எங்கம்மா" என்றான். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். அந்தப் பதில்தான் வேண்டும் என்றுதான் இருபத்தேழு வருஷம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஆனாலும் அவன் வாயால் கேட்டபோது பெற்ற வயிறு எரிந்தது என்று ஒளிக்காமல் சொல்கிறாள். எரிந்தால் எரியட்டும், அதற்காக நடந்ததை மாற்ற முடியுமா என்றும் சொல்கிறாள்.

அந்த வாரமே இருவரும் ராத்திரி பஸ்ஸேறிச் சென்னைக்குப் போனார்கள். கல்லூரியில் மூன்று மாடி. முட்டி ஒத்துழைக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஏறினாள். டாக்டர் இளையபெருமாள் அவளைப் பார்த்து எழுந்து, வாங்கம்மா என்று சொல்லி முடிப்பதற்குள் சாமிக்கண்ணுவிடம் வாங்கிவந்த அந்தக் காகிதத்தை மேசைமேல் வைத்தாள். "இந்தப் புள்ளிக்கோட்ட நீங்கதான் போட்டீங்களா தம்பி?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. ரகசியமாக விசாரிக்கச் சொன்னேன் என்றார். ஊரில் நடந்ததைச் சொன்னாள். கடைசியில், இவனைப் பெற்றது நான், என் ரத்தத்தையும் இவன் ரத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்றாள். அவர் அலமாரியைத் திறந்து எக்ஸ்ரே படம் மாதிரி ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சாம்பல் நிறப் படத்தில் ஏணிப்படி போலக் கறுப்புக் கறுப்பாகக் கோடுகள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு ஏணி. இது நீங்கள் என்றார். இது பாக்கியராஜ். மேலே உள்ள கோடு இரண்டிலும் ஒரே மட்டத்தில் இருந்தது. பாக்கியராஜின் கீழ்க்கோட்டுக்குச் சரியாக ஒன்று, அவளுடைய மூத்த மகனின் ஏணியில் இருந்தது. அது செத்துப்போன புருஷன் கொடுத்தது. இன்னும் இரண்டு படங்களை எடுத்து, வேறு இடங்களையும் பார்த்தார். எல்லாவற்றிலும் அப்படியே ஒத்துப்போயிற்று. டாக்டர் படத்தைக் கீழே வைத்தார். முதலிலேயே இதைப் பார்த்திருக்க வேண்டும், தாயை யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்ற நினைப்பில் பார்க்காமல் விட்டேன் என்றார்.

அப்புறம் அவருக்கே தாங்காமல் இன்னொன்றையும் சொன்னார். சந்தேகம் வந்ததால் பாக்கியராஜைக் கணக்கிலிருந்து தள்ளிவைத்திருந்தாராம். இப்போது அவன் செபஸ்தியின் மகன் என்று ஆனபின், குடும்பம் முழுவதிலும் இவன் ஒருவன்தான் வித்தியாசமானவன். நகம் இல்லை, அந்தத் துண்டும் இருக்கிறது. ஆனால் 'பி' ரத்தவகை மட்டும் இல்லை. அவளிடமிருந்து அவனுக்குப் போகும்போது சரடு ரத்தவகை இடத்துக்கும் நக இடத்துக்கும் நடுவில் பிரிந்திருக்கிறது. நகக்கோளாறு ரத்தவகையைவிட அந்தத் துண்டுக்குத்தான் அதிகம் பக்கம் போலிருக்கிறது என்பதற்கு முப்பத்தொரு பேரில் இவன் ஒருவனே ஆதாரம். செபஸ்தியம்மாளுக்கு உடனே புரிந்தது. மூணு பருப்புக் காயில் ஒன்று தனியாக ஒடிந்த காய் இவன். அதைத்தானே தள்ளிவிடப் பார்த்தீர்கள் என்றாள்.

டாக்டர் ஒரு யோசனை சொன்னார். ஆராய்ச்சிப் புத்தகத்தில் பெயரே வராது, எண்தான் வரும். வம்சப்படத்தைத் திருத்திவிடுகிறேன், ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை, உங்களுக்கும் சங்கடம் இல்லை என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அவள் எழுந்துவிட்டாள்.

"அசிங்கத்த ஊர் நடுவுல போட்டுப்புட்டு, சுத்தத்த மட்டும் பொட்டியில வச்சிப் பூட்டுவீங்களா? செத்தவளப் பத்திப் பேசுன வாய் அத்தினியும் இதயும் கேக்கணும். அதே பெஞ்சிய அங்கயே போடுங்க."

அவர் வந்தார். அதையும் சொல்லியாக வேண்டும், வந்தார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து ஜனம் கலைவதற்குள் பள்ளிக்கூட வராந்தாவில் பழைய பெஞ்சு போடப்பட்டது. சாமிக்கண்ணு தலைகுனிந்து நின்றார். ஏலாக்குறிச்சிப் பெண்ணைப் பெற்றவரையும் அவளே ஆள்விட்டு அழைத்திருந்தாள். இரண்டாம் ஓலை அடுத்த ஞாயிறும் மூன்றாம் ஓலை அதற்கடுத்த ஞாயிறும் வாசிக்கப்பட்டன, கல்யாணமும் நடந்தது, இப்போது பாக்கியராஜுக்கு ஒரு பெண்குழந்தை, நகம் பத்தும் இருக்கிறது. அதை இங்கேயே சொல்லிவிட்டால் படிக்கிறவர்களுக்குப் பதைப்பு இல்லை. ஆனால் அன்று காலை அதெல்லாம் யாருக்குத் தெரியும்? இருதயநாதன் வேப்பமரத்தடியில் தனியாக நின்றார். அருளப்பனைப் பாக்கியராஜ் சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தான்.

டாக்டர் பேசத் தொடங்கினார். தப்பு என்னுடையது என்று ஆரம்பித்து, துண்டு, சரடு என்று போனார். கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. செபஸ்தியம்மாள் அவரை நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினாள்.

"பாக்கியராசு என் வயித்துல பொறந்தவன். வால்பாறையில, பதினோரு நாள் புள்ளைய நாந்தான் சவரி அக்கா மடியில போட்டேன். எங்கண்ணன் அவ நெழலக்கூட மிதிச்சதில்ல. பாலுல ஒட்டிக்கிச்சின்னு சொன்னது நான் அவுத்துவுட்ட பொய், நீங்க அத்தினி பேரும் நம்புன பொய். பொய்ய நம்புனீங்க, அதுல தப்பில்ல. அவள நம்பலியே, அதுதான் தப்பு. இன்னமும் யாருக்காச்சும் சந்தேகம் இருந்தா இப்ப கேளுங்க. நகம் இல்லன்னா நாக்கும் இல்லன்னு நெனச்சிடாதீங்க."

இருதயநாதன் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். அருளப்பன் சைக்கிளைப் பிடித்திருந்த மகனின் கையை இறுகப் பற்றிக்கொண்டிருந்தார். ஆமாம், அவள் சொல்வது நிஜம் என்று அவர் சொன்னது முன்வரிசைக்குத்தான் கேட்டது. அது போதும், முன்வரிசை பின்வரிசைக்குச் சொல்லிக்கொள்ளும்.

டாக்டர் வம்சப்படத்தைப் பெஞ்சின் மேல் விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தார். ரப்பரை எடுத்து முதலில் அந்தப் புள்ளிக்கோட்டை அழித்தார். எல்லோரும் எட்டிப் பார்க்கும்படி சுத்தமாக, தூளை ஊதிவிட்டு அழித்தார். பிறகு அருளப்பன், சவரியம்மாள் இருவரிடமிருந்தும் இறங்கிய பழைய கோட்டையும் அழித்துவிட்டு, செபஸ்தியம்மாளின் வட்டத்திலிருந்து பாக்கியராஜின் சதுரத்துக்கு ஒரு கோடு இழுத்தார். அப்புறம், கணக்குப்படி சரியாக இருக்கவேண்டுமே என்று, சவரியம்மாளின் வட்டத்தின் மேல் ரப்பரைக் கொண்டுபோனார். இந்த வம்சத்தோடு ரத்தச் சம்பந்தம் இல்லாத வட்டம் அது.

செபஸ்தியம்மாள் குனிந்து, நிமிராத முழங்கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, நகமில்லாத கட்டைவிரலை அந்த வட்டத்தின் மேல் ஊன்றினாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் விரலை எடுக்கவில்லை. டாக்டர் ரப்பரைக் கீழே வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தார். அவள் விரலைச் சுற்றிக்கொண்டே அந்த வட்டத்திலிருந்து பாக்கியராஜுக்கு இரண்டாவது கோட்டையும் வரைந்தார்.